பறவைகளுக்குப் பெயர் கேட்ட டாக்டர்

இடக்கொச்சியில் எங்கள் வீட்டின் பின்புறம் காயலைத் தொட்டுக்கொண்டு கொஞ்சம் இடம் உண்டு. மூன்று தென்னை, ஒரு முருங்கை, மழைக்காலத்தில் முழங்கால் வரை ஏறும் புல். மனிதர்களைவிடப் பறவைகள்தான் அங்கே அதிகம் நடமாடும். சில வாரங்களுக்கு முன் என் பேரன் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு முடிந்து வந்து, "தாத்தா, நம்ம வீட்டைச் சுத்தி இருக்கிற பத்துப் பறவைக்குத் தமிழ்ப் பேர் எழுதிட்டு வரச் சொல்லியிருக்காங்க" என்றான்.

காக்கை, கிளி, கொக்கு, புறா, நீர்க்காகம், மைனா என்று ஆறு வரை தடையில்லாமல் போயிற்று. ஏழாவதாக அவன் "பொன்மான்" என்றான். மலையாளத்தில் அப்படி, தமிழில் மீன்கொத்தி என்று திருத்தினேன். எட்டாவது, காயல் மேல் வட்டமிடும் கிருஷ்ணப்பருந்து. அதைச் செம்பருந்து என்று எழுத வைத்தேன். ஒன்பது, கரிச்சான். பத்தாவதாக அவன் முருங்கை மரத்தைக் காட்டினான். கறுப்பும் வெள்ளையுமாக, வாலைத் தூக்கிக்கொண்டு விடியற்காலையில் சீட்டியடித்துப் பாடுமே, அந்தக் குருவி. "இதுக்கு ஸ்கூல்ல மண்ணாத்திப்புள்ளுன்னு சொல்லித் தந்திருக்காங்க. தமிழ்ல என்ன தாத்தா?"

எனக்குத் தெரியவில்லை. சிறு வயதில் எங்கள் ஊர்த் தோப்பில் தினமும் பார்த்த பறவைதான். முகம் நினைவிருக்கிறது, பேர் போய்விட்டது. கொச்சிக்கு வந்து நாற்பது ஆண்டுக்கு மேலாகிறது. கடைக்காரரிடமும் படகுக்காரரிடமும் பேசிப்பேசி, எந்தச் சொல் எந்தக் கரையைச் சேர்ந்தது என்பதே கலங்கிப் போயிருக்கிறது.

அந்தப் பேரைத் தேடிப் புறப்பட்டபோதுதான் டாக்டர் தாமஸ் கேவர்ஹில் ஜெர்டன் எனக்கு அறிமுகமானார். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன், நம் நாட்டுப் பறவைகளை ஒவ்வொன்றாகக் கையிலெடுத்து, இதை இந்துஸ்தானியில் என்ன சொல்வார்கள், தெலுங்கில் என்ன, தமிழில் என்ன என்று கேட்டுக் கேட்டு எழுதிவைத்த மனிதர். அவரைப் பற்றி நம் உறுப்பினர் குடும்பங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியதால் இந்தக் கட்டுரை.

எல்லைக்கு இப்புறமும் அப்புறமும்

ஜெர்டன் பிறந்தது 1811-ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் வடக்கே டர்ஹாம் மாவட்டத்தில். ஆனால் குடும்பம் ஸ்காட்லாந்தின் எல்லைப் பகுதியில், ஜெட்பரோ என்ற ஊருக்கு அருகிலுள்ள பான்ஜெட்வர்டைச் சேர்ந்தது. இவரை ஆங்கிலேயர் என்பதா, ஸ்காட்லாந்துக்காரர் என்பதா என்று சிலர் கேட்பதுண்டு. இந்தக் கேள்வியின் நெளிவுசுளிவு நமக்குத் தெரியாததா? என் பேரன் பிறந்தது எர்ணாகுளத்து ஆஸ்பத்திரியில். எந்த ஊர் என்று யாராவது கேட்டால் தென்காசி என்றுதான் எங்கள் வீட்டில் பதில் வரும்.

படித்தது எடின்பரோ பல்கலைக்கழகத்தில். அங்கே ராபர்ட் ஜேம்சன் என்ற பேராசிரியரின் இயற்கை வரலாற்று வகுப்பில் ஜெர்டன் உட்கார்ந்தார். அதே பேராசிரியரிடம் அதற்கு ஓரிரு ஆண்டுகள் முன்பு ஒரு மாணவர் உட்கார்ந்து, சலித்துப்போய், மருத்துவப் படிப்பையும் விட்டுவிட்டுக் கேம்பிரிட்ஜுக்குப் போய்விட்டார். அவர் பெயர் சார்லஸ் டார்வின். இந்த இருவரும் பின்னால் ஒரு காடைக் கூண்டின் வழியாகச் சந்தித்துக்கொள்வதைக் கொஞ்சம் தள்ளிச் சொல்கிறேன்.

ஜெர்டன் மருத்துவத்தை முடித்தார். கிழக்கிந்தியக் கம்பெனியில் உதவி சர்ஜனாக உத்தியோகம் கிடைத்து, 1836-இல் சென்னை வந்து இறங்கினார். முதலில் கஞ்சம். அங்கே காய்ச்சலிலும் சீதபேதியிலும் படுத்த சிப்பாய்களைப் பார்க்கும் வேலை. அடுத்து திருச்சிராப்பள்ளியில் குதிரைப்படையின் டாக்டர். பிறகு அந்தப் படையோடு தக்காணத்தில் ஜால்னா. மாற்றல் உத்தரவு வந்தால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான். இவரது மூட்டையில் மருந்துப் பெட்டியோடு பஞ்சு அடைத்த பறவைத் தோல்களும் இருந்தன.

அந்துப்பூச்சி கற்றுக்கொடுத்த பாடம்

அந்தக் காலத்தில் இந்தியாவில் இருந்துகொண்டு ஒரு பறவை இன்னதென்று நிச்சயம் செய்வது எளிதாக இல்லை. புத்தகங்களும் நிபுணர்களும் கப்பல் பயணத்துக்கு அப்பால். எனவே ஜெர்டன் தாம் சேகரித்ததைப் பெட்டியில் அடுக்கி, ஸ்காட்லாந்தில் புகழ்பெற்ற பறவை நூலாசிரியராக விளங்கிய சர் வில்லியம் ஜார்டினுக்கு அனுப்பிவைத்தார். பெட்டி போய்ச் சேர்ந்தபோது தோல்களை அந்துப்பூச்சி அரித்துத் தின்றிருந்தது.

ஆண்டுக்கணக்கில் வெயிலில் அலைந்து சேர்த்தது அத்தனையும் போயிற்று. பட்டுப்புடவையில் ஒரு துளை விழுந்தாலே நம் வீடுகளில் என்ன பாடு படுகிறது! அந்த மனிதர் என்ன நினைத்தாரோ. ஆனால் அதற்குப் பிறகு ஒன்று நடந்தது: இனிச் சீமையின் தீர்ப்புக்குக் காத்திராமல், தம் கண்ணையும் தம் குறிப்புகளையும் நம்பி எழுதுவது என்று ஜெர்டன் தீர்மானித்துவிட்டார். அப்படி எழுதியதுதான் தென்னிந்தியப் பறவைகளின் பட்டியல். 1839, 1840-ஆம் ஆண்டுகளில் சென்னையிலிருந்து வெளிவந்த இலக்கிய, அறிவியல் இதழில் அது பகுதி பகுதியாக அச்சாயிற்று. அதில் 420 இனங்கள் இருந்தன. கர்னல் சைக்ஸ் அதற்கு முன் தக்காணத்துக்கு வெளியிட்ட பட்டியலைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

அவருக்கு ஒரு துணையும் கிடைத்தது. சென்னை மாகாண அதிகாரியான வால்டர் எலியட், ஜெட்பரோ பக்கத்துக்காரர். அமராவதிச் சிற்பங்களைத் தோண்டி எடுத்து ஆராய்ந்தவராக அவரை நம்மில் சிலர் அறிந்திருக்கலாம். தாம் பறவைகளைப் பற்றி எழுதிவைத்திருந்த குறிப்புகளை அவர் ஜெர்டனுக்குக் கொடுத்து உதவினார். ஜெர்டன் இறந்த பிறகு அவரது வாழ்க்கைக் குறிப்பை எழுதியவரும் இதே எலியட்தான். பிழைக்க வந்த இடத்தில் சொந்த ஊர்க்காரர் ஒருவர் கிடைத்தால் எப்படி இருக்கும் என்பதை இந்த இதழின் வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

1843 முதல் 1847 வரை அவர் சென்னையில் வெளியிட்ட அடுத்த நூல், 50 வண்ணப்படங்கள் கொண்டது. படங்களில் பெரும்பாலானவற்றை வரைந்தவர்கள் இந்திய ஓவியர்கள். பறவையின் கண் வளையமும் இறகின் ஓரமும் கூடப் பிசகாத அந்தப் படங்களை ஐரோப்பியப் பறவை நிபுணர்கள் பாராட்டினார்கள். பாராட்டு ஜெர்டனுக்குப் போயிற்று. வரைந்த கைகளுக்குச் சொந்தக்காரர்கள் யார், எந்தத் தெருவில் குடியிருந்தார்கள் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. பறவைகளின் பேரை இவ்வளவு அக்கறையாகக் கேட்டவர், தூரிகை பிடித்தவர்களின் பேரையும் ஒரு வரி எழுதிவைத்திருக்கலாம். இதை நான் குறையாகவே சொல்கிறேன்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. அன்றைய பறவை ஆராய்ச்சி துப்பாக்கியால் செய்யப்பட்டது. சுட்டு விழுத்தி, தோலை உரித்து, அளந்து பார்த்துத்தான் எழுதினார்கள். பைனாகுலரும் காமிராவும் கொண்டு காலையில் ஏரிக்கரைக்குப் போகிற இன்றைய இளைஞர்களுக்கு அது ஒவ்வாது. ஆனால் சுட்டதோடு நிற்காமல், உயிரோடு இருக்கும்போது அது என்ன செய்கிறது என்று பொறுமையாகப் பார்த்தவர் ஜெர்டன். அவருடைய எழுத்து இன்றும் படிக்கச் சுவையாக இருப்பது அதனால்தான்.

ஆறுமணிக் குருவியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்தி மயங்கும் வேளையில் கூவுவதால் தமிழில் அதற்கு அந்தப் பேர். மலையாளத்தில் காவி என்கிறார்கள். பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு என்று ஒரு ஜவுளிக்கடையே அதன் உடம்பில் இருக்கும். ஜெர்டன் அதை முதன்முதலில் எங்கே பார்த்தார் தெரியுமா? சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரிக்குள். கோடை தொடங்கித் தரைக்காற்று பலமாக வீசும்போது, அதிகம் பறக்க வலுவில்லாத இந்தப் பறவை காற்றில் அடிபட்டு, கிடைத்த குடிசையிலும் கட்டடத்திலும் ஒதுங்குகிறது என்று அவர் எழுதியிருக்கிறார். பிறகு நெல்லூரில் சிவில் சர்ஜனாக இருந்தபோது, அதே நிலையில் வந்து ஒதுங்கிய பலவற்றை உயிரோடு பிடித்துப் பார்த்தார். நோயாளிகளைப் பார்க்கப் போன டாக்டர், ஆஸ்பத்திரி மூலையில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற ஒரு வழிப்போக்கனையும் பார்த்திருக்கிறார்.

நெல்லூருக்குப் பிறகு அவர் நம் பக்கமும் வந்தார். வடக்கே தலச்சேரியில் சிவில் சர்ஜனாக வேலை. மலபார் மழையில் பறவைக்கு அலைய முடியாத நாளிலும் சும்மா இருக்கவில்லை போலும், எறும்புகளைக் கவனித்தார். தென்னிந்திய எறும்புகளைப் பற்றி 1851-இல் அவர் எழுதிய கட்டுரையில்தான், துள்ளிக் குதித்து இரை பிடிக்கும் ஓர் எறும்பு முதன்முறையாக அறிவியல் பெயர் பெற்றது. இன்று வெளிநாட்டு ஆய்வுக்கூடங்களில் முதுமையையும் மூளையையும் ஆராய்பவர்கள் அந்த எறும்பைத்தான் வளர்த்துப் பார்க்கிறார்கள்.

காடைக் கூண்டும் டார்வினும்

அவரது பெரிய நூல் "இந்தியாவின் பறவைகள்". கானிங் பிரபு வைஸ்ராயாக இருந்தபோது, இந்த வேலைக்கென்றே ஜெர்டனைத் தனிப்பணியில் அமர்த்தினார். 1862-க்கும் 1864-க்கும் இடையில் கல்கத்தாவில் பகுதி பகுதியாக அது வெளிவந்தது. மொத்தம் 1008 இனங்கள். குதிரைமேல் பயணம் செய்யும் ஒருவர் கையோடு எடுத்துச் செல்லக்கூடிய புத்தகத்தில் முழு இந்தியாவின் பறவைகளும் அடங்கியது அப்போதுதான். பின்னால் காங்கிரஸ் மகாசபை தோன்றக் காரணமாக இருந்த ஆலன் ஆக்டேவியன் ஹியூம் பறவைகளை ஆராயத் தொடங்கியபோது, அவருக்கு அடிப்படையாக இருந்தது இந்த நூலே.

ஒவ்வொரு பறவைக்கும் முதலில் லத்தீன் பெயர். அடுத்து ஊர்ப்பெயர்கள், கிடைத்த இடங்களில் தமிழும் தெலுங்கும். பிறகு நிறம், அளவு, வாழும் இடம், பழக்கவழக்கம். ஊர்ப்பெயர் எங்கிருந்து வரும்? அவற்றைச் சொன்னவர்கள் வலை விரித்துப் பிழைத்தவர்கள், கண்ணி வைத்தவர்கள், குருவி பிடித்துச் சந்தையில் விற்றவர்கள். பெயரோடு அவர்கள் இன்னும் பலவற்றையும் சொல்லிக் கொடுத்தார்கள்.

காடையைப் போன்ற ஒரு சிறு பறவை உண்டு. காலில் பின்விரல் கிடையாது. அந்த இனத்தில் உருவில் பெரியதும், கழுத்தில் கறுப்பு அழகு கொண்டதும் பெண். சண்டை போடுவதும் பெண். முட்டையிட்டதும் அடைகாக்கும் பொறுப்பை ஆணிடம் விட்டுவிட்டுப் போய்விடும். தென்னாட்டில் குருவி பிடிப்பவர்கள் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். ஒரு பெண் பறவையைச் சிறு கூண்டில் அடைத்துப் புதரருகே வைப்பார்கள். அது கூவும். கேட்ட மற்றப் பெண் பறவைகள் வம்புச் சண்டைக்கு ஓடிவரும், பொறியில் விழும். இப்படி அகப்படுபவை எல்லாமே பெண்கள் என்பதை ஜெர்டன் கவனித்து எழுதினார். வயிற்றில் முட்டை முற்றியிருந்தால், பிடித்தவர் வீடு போய்ச் சேருமுன் பையிலேயே இட்டுவிடும் என்பதையும் விடவில்லை.

1871-இல் டார்வின் மனிதனின் தோற்றத்தைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். ஆண் அழகாகவும் பெண் எளிமையாகவும் இருப்பதே பறவை உலகில் பொதுவாகக் காணும் வழக்கமாயிற்றே, அது தலைகீழாகும் இடங்கள் உண்டா என்று ஆராயும் பகுதியில், ஜெர்டனைச் சாட்சியாக வைத்து இந்தப் பறவைக்கு இடம் தந்தார். எழுத்தறியாத ஒரு குருவிக்காரர் தம் வயிற்றுப் பிழைப்புக்காகத் தெரிந்துவைத்திருந்த ரகசியம், ஒரு டாக்டரின் நோட்டுப் புத்தகம் வழியாக உலகத்தை மாற்றிய நூலுக்குள் போய் உட்கார்ந்தது. ஜேம்சன் வகுப்பின் இரண்டு மாணவர்களும் சந்தித்த இடம் இதுதான்.

மறைந்துபோன பறவை

ஜெர்டனின் பேரைத் தாங்கும் உயிர்கள் பல. ஒரு பச்சைக் குருவி, ஒரு வானம்பாடி, மேற்குத் தொடர்ச்சி மலையின் பழுப்பு மரநாய், ஒரு விரியன் பாம்பு, ராபர்ட் வைட் பேர் சூட்டிய ஒரு மலைச் செடி. எல்லாவற்றையும் விட விசித்திரமான கதை ஒன்றுக்கு உண்டு.

நெல்லூர், கடப்பைப் பகுதி மலையடிவாரப் புதர்க்காட்டில், ஆட்காட்டிக் குருவியைவிடச் சற்றுச் சிறிய, தரையில் ஓடித் திரியும் ஒரு பறவை அவருக்குக் கிடைத்தது. மார்பில் இரண்டு பட்டை. கல்கத்தா அருங்காட்சியகத்திலிருந்த எட்வர்ட் பிளைத் 1848-இல் அதை விவரித்து அறிவியல் பெயரிட்டார். ஜெர்டன் வழக்கம்போல் ஊர்ப்பெயரையும் கேட்டு எழுதினார்: தெலுங்கில் "அடவி உத தித்தி". 1900-க்குப் பிறகு அந்தப் பறவையை யாரும் பார்க்கவில்லை. பலமுறை தேடினார்கள். பூண்டோடு அழிந்துவிட்டது என்றே முடிவு கட்டினார்கள்.

1986 ஜனவரியில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த பரத் பூஷண் கடப்பை மாவட்டத்து லங்கமலைப் பகுதியில் அதைத் தேடிப்போய், உள்ளூர் வேட்டைக்காரர்களை விசாரித்துக்கொண்டிருந்தார். அவர்களில் ஒருவர் ஓர் இரவு, டார்ச் வெளிச்சத்தில் கண் கூசி நின்ற ஒரு பறவையைக் கையால் பிடித்துக்கொண்டு வந்தார். அதேதான்! இரவில் நடமாடும் பறவையைப் பகலில் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அப்போது 89 வயதான சாலிம் அலி செய்தி கேட்டுப் பம்பாயிலிருந்து விரைந்து வந்தார். அந்தக் காடு சரணாலயம் ஆயிற்று. பின்னர் கிருஷ்ணா நதி நீரைச் சென்னைக்குக் கொண்டுவரும் தெலுங்கு கங்கைத் திட்டத்தின் கால்வாய்ப் பணி அந்தப் பறவையின் இருப்பிடத்தைத் தொட்டபோது, கால்வாயின் பாதையை மாற்ற வேண்டியதாயிற்று. அதன் பிறகும் பல ஆண்டுகள் பறவை கண்ணில் படவில்லை. 2025 ஆகஸ்டில் அதன் குரல் அதே பகுதியில் மீண்டும் பதிவானதாகச் செய்தி வந்தது.

சாலிம் அலியின் பெயர் வந்ததால் ஒரு வார்த்தை. 1933-இல் திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களின் பறவைகளைக் கணக்கெடுத்தவர் அவர். நம் வீட்டுப் பிள்ளைகள் பள்ளிச் சுற்றுலா போகும் தட்டேக்காடு அவருடைய பேரில்தான் 1983 முதல் பறவைகள் சரணாலயமாக இருக்கிறது. ஜெர்டன் போட்ட பாதையில் அடுத்த நூற்றாண்டில் நடந்தவர் என்று அவரைச் சொல்லலாம்.

ஜெர்டனின் கடைசிக் காலத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பாலூட்டிகளைப் பற்றிய நூல் 1867-இல் வந்தது. ஊர்வன பற்றிய நூலை அவரால் முடிக்க முடியவில்லை. அஸ்ஸாம் பக்கம் போனபோது கடும் காய்ச்சல் கண்டது. 1870-இல் இங்கிலாந்து திரும்பி, 1872 ஜூன் 12-ஆம் தேதி லண்டனை அடுத்த நார்வுட்டில் காலமானார். வயது அறுபதுதான். 36 ஆண்டுகளுக்கு முன் சென்னையில் இறங்கியவர், வாழ்க்கையின் பெரும்பகுதியை நம் காற்றிலும் புழுதியிலுமே கழித்துவிட்டுப் போனார். அவரது நூல்களை இன்று இணைய நூலகங்களில் காசில்லாமல் படிக்கலாம்.

இனி, பேரனின் பத்தாவது பறவை. கடைசியில் எனக்கு உதவியது புத்தகமில்லை, தென்காசியில் இருக்கும் என் அக்கா. எண்பது வயது. போனில் பறவையை வர்ணித்து முடிப்பதற்குள் சிரித்துவிட்டாள். "ஏல தம்பி, இதுகூடவா மறந்துட்டு? வண்ணாத்திக் குருவில்லா அது! நம்ம கிணத்தடி மருதாணிச் செடில கூடு கட்டுமே, நீ கைய விட்டு அம்மாட்ட அடி வாங்கினியே!"

மலையாளத்தின் மண்ணாத்தியும் தமிழின் வண்ணாத்தியும் ஒன்றுதான். வெளுத்த துணியும் வெளுக்காத துணியும் போல் வெள்ளையும் கறுப்புமாக இருப்பதால் வந்த பேராக இருக்க வேண்டும். மறந்துவிட்டேன் என்று நான் தேடித் திரிந்த சொல்லை என் பேரன் முதல் நாளே என்னிடம் சொல்லியிருக்கிறான். தமிழ் வகுப்பு ஆசிரியை அந்த நோட்டைப் பார்த்துவிட்டு, தங்கள் ஊரில் அதைக் குண்டுகரிச்சான் என்பார்கள் என்று பக்கத்தில் எழுதி அனுப்பியிருந்தார். இரண்டையும் வைத்துக்கொண்டோம்.

இப்போது அவன் நோட்டில் 23 பறவைகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று கட்டம்: மலையாளம், தமிழ், சொன்னவர் பேர். மூன்றாவது கட்டம் என் யோசனை. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு, உங்கள் பக்கத்துப் பறவைப் பெயர்களை ஊர்ப்பெயரோடும் சொன்னவர் பெயரோடும் சங்க அலுவலகத்துக்கு எழுதி அனுப்பினால் அவற்றையும் சேர்த்துக்கொள்வோம். முக்கியமாக, காயல் ஓரத்துச் சேற்றில் வாலை ஆட்டிக்கொண்டு நடக்கும் அந்தச் சாம்பல் நிறக் குருவிக்கு இன்னும் பேர் கிடைக்கவில்லை.